9 வயதில் முறிந்தது தானாகக் கூடியது, 15 வயதில் நழுவியதற்கு ஏன் அறுவை சிகிச்சை?

ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். திருவிழாக் கபடியில் ரைடு போனபோது வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிறவர் இழுத்துப் போட்டு, எண்ணெய் தடவிக் கட்டி அனுப்பினார். இரண்டே வாரத்தில் பையன் மறுபடி மைதானத்துக்குப் போய்விட்டான். ஐந்து மாதம் கழித்துப் புத்தகப் பையைத் தோளில் மாட்டும்போது திரும்பவும் இறங்கியது. இந்த முறை மருத்துவமனையில் சரிசெய்தார்கள். எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர், "உள்ளே கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது" என்கிறார். தாய் கேட்கிறார்: "இவன் 9 வயதில் மாமரத்திலிருந்து விழுந்து இதே தோளில் எலும்பு முறிந்தது. கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங் மட்டும்தான் போட்டார்கள், தானாகக் கூடிவிட்டது. இப்போது எலும்பே முறியவில்லை, ஆனால் ஆபரேஷன் என்கிறார்கள். இது என்ன கணக்கு? வளர்கிற பையனுக்கு உள்ளே ஆணி அடித்தால் கை குட்டையாகிவிடாதா? இனிமேல் கபடி ஆடலாமா?"

முப்பது வருடமாக எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். முறிந்ததை விட்டுவிட்டு முறியாததை ஏன் அறுக்கிறாய் என்று இவ்வளவு நேராக என்னை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளின் தோளைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும், ஆட்டுரலுக்குள் குழவி மாதிரி. தோளில் அப்படி இல்லை. மேற்கை எலும்பின் தலை பெரிய பந்து. அது வந்து சேரும் இடம் தோள்பட்டை எலும்பில் இருக்கும் ஒரு சின்ன, ஆழமில்லாத தட்டு. எந்த நேரத்தில் பார்த்தாலும் பந்தின் கால்வாசி, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் அந்தத் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் தலைக்கு மேல் சுழற்றவும் முடிவது இந்த ஏற்பாட்டால்தான். உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவது தோள்பட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். தட்டையான தரையில் பானை உருளாமல் இருக்கப் பிரிமணை வைப்போம் இல்லையா, அதுபோல அந்தத் தட்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு குருத்து வளையம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை லேப்ரம் என்பார்கள். மூட்டை முன்பக்கம் தாங்கிப் பிடிக்கும் தசைநார்கள் அந்த வளையத்தில்தான் வந்து ஒட்டுகின்றன. உங்கள் மகனின் எம்.ஆர்.ஐ.யில் கிழிந்திருப்பதாகச் சொன்னது பெரும்பாலும் இந்த வளையத்தைத்தான்.

சரி, 9 வயதில் இது ஏன் கிழியவில்லை?

அந்த வயதில் மேற்கை எலும்பின் தலைக்கும் தண்டுக்கும் நடுவில் வளர்ச்சித் தகடு என்று ஒரு மென்மையான குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. எலும்பு நீளமாவது அந்த இடத்தில்தான். சின்னப் பிள்ளைகளிடம் அந்தத் தகடும் அதை ஒட்டிய புது எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களைவிட பலவீனமானவை. மரத்திலிருந்து விழுந்து கையை ஊன்றினால், பெரியவர்களுக்கு மூட்டை நழுவவைக்கிற அதே விசை, பிள்ளைகளுக்குத் தகட்டிலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ முறிவாகப் போய் முடிகிறது. மூட்டு தப்பித்துக்கொள்கிறது. பத்து வயதுக்குக் கீழே அடிபட்டுத் தோள் நழுவிய பிள்ளைகளை என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வயதில் யாராவது "தோள் இறங்கிடுச்சு" என்று பிள்ளையைத் தூக்கி வந்தால், முதலில் முறிவைத்தான் தேடுவேன். காறை எலும்பு உடைந்திருக்கலாம், மேற்கை எலும்பின் மேல்முனை உடைந்திருக்கலாம். இன்னும் சின்னப் பிள்ளை, இரண்டு மூன்று வயது, யாரோ மணிக்கட்டைப் பிடித்துச் சட்டென்று தூக்கினார்கள், அதற்கப்புறம் கையையே அசைக்க மாட்டேன் என்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் தோளில் இல்லை, முழங்கையில் இருக்கும்.

அந்த முறிவு ஸ்லிங்கிலேயே கூடியதில் அதிசயம் இல்லை. முறிந்த எலும்பு எலும்பாகவே ஆறும், தழும்பு வைத்து ஒட்டுப்போடுவதில்லை. மேற்கை எலும்பின் மொத்த நீளத்தில் சுமார் 80 சதவீதம் மேல்முனைத் தகட்டிலிருந்துதான் வளர்கிறது. வளர்ச்சி அவ்வளவு மும்முரமாக நடக்கிற இடத்தில் கொஞ்சம் கோணலாகக் கூடினாலும், வருடங்கள் போகப் போக எலும்பே அதை நேராக்கிக்கொள்ளும். அன்று உங்கள் மருத்துவர் ஒன்றும் செய்யாமல் விட்டார் என்று நினைக்காதீர்கள். அந்த வயதுக்கு அதுதான் வைத்தியம்.

இப்போது 15 வயது. பெண்பிள்ளைகளுக்கு 14 முதல் 17, பையன்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள் அந்தத் தகடு மூடி எலும்போடு எலும்பாகிவிடும். மூடப்போகிற பருவத்தில் தகடு உறுதியாகிக்கொண்டே வர, இழுப்பு முழுவதும் முன்பக்கத் தசைநார் மீதும் குருத்து வளையத்தின் மீதும் விழுகிறது. கபடியை நினைத்துப் பாருங்கள். ரைடர் தொடுவதற்காகக் கையை எட்டி நீட்டுகிறான். மணிக்கட்டை ஒருவன் பிடித்துக்கொள்கிறான், இன்னொருவன் மார்பில் மோதுகிறான். உடம்பு ஒரு பக்கம் போகிறது, கை பக்கவாட்டில் உயர்ந்து பின்னால் திரும்பிய நிலையில் மாட்டிக்கொள்கிறது. பந்து தட்டைத் தாண்டி முன்பக்கமாக வெளியே வர அதைவிடத் தோதான நிலை கிடையாது. தோள் நழுவல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படி முன்பக்கம் போவதுதான்.

வெளியே வரும்போது பந்து, வளையத்தின் முன்கீழ்ப் பகுதியை எலும்பிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருகிறது. பிளண்டெல் பேங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1923லேயே இதை எழுதினார். தோள் திரும்பத் திரும்ப நழுவுவதற்கு அடிப்படைக் காரணம் இந்தப் பெயர்ப்புதான், இதைத் திரும்பத் தைக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பது அவர் கட்சி. அதனால் இதற்கு இன்றும் பேங்கார்ட் கிழிசல் என்றே பெயர். பந்தின் பின்பக்கமும் தப்புவதில்லை. தட்டின் கூரான ஓரத்தில் இடித்து ஒரு பள்ளம் விழும். 1940ல் ஹில், சாக்ஸ் என்ற இரண்டு எக்ஸ்ரே நிபுணர்கள் அதை விவரித்தார்கள். உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஹில்-சாக்ஸ் என்று ஒரு வார்த்தை இருந்தால் அது அந்தப் பள்ளம்தான். வேறு ஏதோ புது வியாதி என்று பயப்பட வேண்டாம்.

எலும்பு ஆறியதுபோல் இது ஏன் ஆறக்கூடாது? ஆறத்தான் செய்கிறது, தப்பான இடத்தில் ஆறுகிறது. பெயர்ந்த வளையம் கீழே சரிந்து தோள்பட்டை எலும்பின் கழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிரிமணை ஒரு பக்கம் நழுவிக் கிடக்கிற மாதிரி. பானை நிற்பதுபோலத்தான் தெரியும், கொஞ்சம் இடித்தால் அந்தப் பக்கம் உருளும். முதல் தடவை இறக்குவதற்குக் கபடியில் ஆட்கள் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவைக்கு ஒரு புத்தகப் பை போதுமாக இருந்தது. இந்த வித்தியாசத்திலிருந்தே உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

முதல் தடவை நழுவி அறுவை சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட வளரிளம் பருவத்தினரில் எத்தனை பேருக்கு மறுபடி நழுவுகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். 40 சதவீதத்திலிருந்து 90 வரை பார்க்கலாம். யாரைச் சேர்த்து எண்ணினார்கள், எத்தனை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் சில விஷயங்களில் எல்லா ஆய்வுகளும் ஏறத்தாழ ஒன்றுபடுகின்றன. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம், மோதி ஆடும் விளையாட்டுக்காரர்களுக்கு இன்னும் அதிகம், மறுபடி நழுவுவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். இதே விபத்து அவன் தாத்தாவுக்கு நடந்திருந்தால் நான் மறுபடி நழுவுமோ என்று கவலைப்பட மாட்டேன், தோளைச் சுழற்றும் தசைகளை எலும்போடு கட்டும் நாண்கள் அறுந்தனவா என்றுதான் பார்ப்பேன். ஒரே மூட்டு, ஒரே விபத்து, வயது மாறினால் வியாதியே மாறிவிடுகிறது.

கட்டுப் போடுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் அவர்களிடம் போகாத குடும்பம் இல்லை, சிலருக்குக் கைப்பக்குவம் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. இழுத்துப் போடுவது புது வித்தையும் அல்ல. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறையை ஹிப்பாக்ரடீஸ் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் சண்டை, படம் எடுக்காமல் இழுப்பதோடுதான். 13 வயதுப் பையன் ஒருவனை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "உக்கார மாட்டேங்குது" என்று அனுப்பியிருந்தார்கள். தோள் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் மூட்டு இருக்கிற இடத்தில் அப்படியே இருந்தது, வளர்ச்சித் தகடுதான் முறிந்து விலகியிருந்தது. இல்லாத நழுவலை மூன்று முறை இழுத்திருக்கிறார்கள். அவன் அதிர்ஷ்டம், பின்னால் நன்றாகக் கூடிவிட்டது. 13, 14, 15 வயதில் முறிவும் வரலாம், நழுவலும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. அடுத்து அந்த எண்ணெய். புதுக் காயத்தை அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். நசுங்கிய தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு இறுகிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

அவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. பயிற்சிக் காலத்தில் நானே ஒன்றைத் தவறவிட்டேன். வலிப்பு வந்து விழுந்த 16 வயதுப் பையன், தோள் வலி என்று வந்தான். முன்னாலிருந்து எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரே, பார்க்க ஒழுங்காக இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்று திரும்பி வந்தான். தோள் பின்பக்கமாக நழுவி அப்படியே மாட்டியிருந்தது. வலிப்பு, கரண்ட் ஷாக் இரண்டிலும் இப்படிப் பின்பக்கம் போகும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அன்று என் தலையில் இல்லை. அதிலிருந்து பக்கவாட்டுப் படமும் இல்லாமல் எந்தத் தோளையும் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மூட்டைப் போட்ட பிறகும் ஒரு படம் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்டுப் பழகுங்கள்: தோளின் வெளிப்பக்கம், சட்டைக் கையில் பட்டை தைக்கிற இடத்தில், தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? அங்கே மரத்திருந்தால் மூட்டைச் சுற்றி வரும் நரம்பு இழுபட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும், ஆனால் மூட்டைப் போடுவதற்கு முன்பே அதைக் குறித்து வைக்க வேண்டும்.

இப்போது அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். கை குட்டையாகுமா என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் இங்கே பொருந்தாது. கையை நீளமாக்கும் தகடு மேற்கை எலும்பில் இருக்கிறது. தையல் போடுவது எதிர்ப்பக்கம், தோள்பட்டை எலும்பின் தட்டு ஓரத்தில். பந்து பக்கம் இருக்கும் வளர்ச்சித் தகட்டை இந்த அறுவையில் தொடுவதே இல்லை. "ஆணி" என்று சொல்வதும் பெரிய வார்த்தை. நூல் கோத்த ஒரு சின்ன நங்கூரம், சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு, சரிந்து கிடக்கும் வளையத்தைத் தூக்கி அதன் பழைய இடத்தில் வைத்து, வழக்கமாக மூன்று நான்கு நங்கூரங்களில் கட்டிவிடுவார்கள். பல நங்கூரங்கள் உலோகமே அல்ல. கரையும் பொருளில் வருகிறது, வெறும் நூல் முடிச்சாகவும் வருகிறது. திரும்ப எடுக்கும் வேலை இல்லை.

எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். இந்த வயதில் அறுவைக்குப் பிறகும் பத்தில் ஒருவர் இருவருக்கு மறுபடி நழுவுகிறது, மோதி ஆடும் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. இருந்தும் உங்கள் மகன் விஷயத்தில் நான் அந்த மருத்துவர் பக்கம்தான் சாய்கிறேன். ஒவ்வொரு முறை நழுவும்போதும் பந்து தட்டின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து அரித்துவிட்டுப் போகிறது. தட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் வளையத்தைத் தைப்பது மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் ஒரு எலும்பு முனையை அதன் தசைநாரோடு வெட்டி வந்து முன் ஓரத்தில் திருகாணி வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். லடார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1954ல் விவரித்த முறை அது. நல்ல அறுவைதான், ஆனால் பெரியது. சின்ன அறுவையில் முடிகிறதை இன்னும் நாலு தடவை நழுவவிட்டுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. முதல் தடவை நழுவியதுமே வந்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு மூன்று வாரம் ஸ்லிங், அதன்பின் மூன்று நான்கு மாதம் ஒழுங்கான பிசியோ, பிறகு பார்க்கலாம் என்றிருப்பேன். அவனுக்கு அந்த வாய்ப்பு முழுதாகக் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்தில் மைதானம் என்பது சிகிச்சையே அல்ல.

ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு முடிவெடுங்கள். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருக்கும். கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடுவார்கள், முழங்கை பின்பக்கம் வளையும். அவர்களில் சிலர் வகுப்பில் தோளை "டக்" என்று கழற்றிக் காட்டி மாட்டுவதை ஒரு வித்தையாகவே வைத்திருப்பார்கள், வலியும் இருக்காது. அந்தத் தோளில் கிழிசல் இல்லை, மூட்டைப் போர்த்தியிருக்கும் உறை முழுவதுமே லூசு. அவர்களுக்கு அவசரப்பட்டுத் தைத்தால் நூல் இருக்கும், தோள் பழையபடி ஆடும். மாதக்கணக்கில் செய்யும் பிசியோதான் அவர்களுக்கு முதல் சிகிச்சை, வித்தை காட்டுவதை நிறுத்துவதும் அதில் சேர்த்தி. உங்கள் மகன் கதை அப்படித் தெரியவில்லை, அடி வாங்கி நழுவியிருக்கிறான், படத்தில் கிழிசலும் இருக்கிறது. ஆனாலும் மருத்துவர் இன்னொரு தோளையும் விரல்களையும் சோதித்தாரா என்று கேளுங்கள். கூடவே பையனைத் தனியாக உட்காரவைத்து, "முழுசா இறங்காம பாதி நழுவி தானா உள்ள போனது எத்தனை தடவை?" என்று கேளுங்கள். இந்த வயசுப் பையன்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அம்மாவிடம் இரண்டு என்று சொன்னவன் என்னிடம் ஏழு என்பான்.

பொதுத்தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வலது கை, பத்தாம் வகுப்பு. அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங் இருக்கும். அந்த நாட்களில் விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் அசைக்கலாம். வலி அடங்கியதும் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மேசையில் எழுதவும் முடியும். மூன்று மணி நேரப் பரீட்சை எழுதுவது வேறு கதை. இது நாளைக்கே செய்தாக வேண்டிய அவசர அறுவை அல்ல என்பதால், தேர்வு முடிந்த மறுவாரம் தேதி வாங்குங்கள். அதுவரை கபடியும் கைப்பந்தும் கூடாது, நீச்சலும் வேண்டாம். புத்தகப் பையை இடது தோளில் மாட்டட்டும். இந்த இடைக்காலத்திலேயே பிசியோ தொடங்கினால், அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு ரப்பர் பட்டை இழுப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்றவற்றைச் செய்தால், அறுவைக்குப் பின் தசை சீக்கிரம் தேறும். மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னமே காட்டிக் கேட்டு வையுங்கள். நங்கூரங்களின் விலைதான் பில்லில் பெரிதாக வரும்.

கபடிக்கு ஏறத்தாழ ஆறு மாதம். ஆனால் நான் காலண்டரை மட்டும் பார்ப்பதில்லை. பையனைப் படுக்கவைத்து, பந்து எறிகிற மாதிரி அவன் கையை உயர்த்திப் பின்னால் சாய்ப்பேன். தோள் தயாராக இல்லையென்றால், வலிக்கிறது என்று வாய் சொல்வதற்கு முன்பே முகம் மாறிவிடும், இன்னொரு கை தானாக வந்து என் கையைப் பிடிக்கும். அந்தப் பயம் போயிருக்க வேண்டும். தோளின் வலு மற்றப் பக்கத்துக்கு ஏறத்தாழச் சமமாகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஆடட்டும். கோச்சிடம் பேசி, கொஞ்ச நாளைக்குக் கையை எட்டி வீசித் தொடுவதைக் குறைத்து, காலால் தொடுகிற ரைடராக மாற்றப் பாருங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் அப்படி மாறி முன்பைவிட அதிகப் புள்ளி எடுத்தார்கள், ஆனால் அதை மருத்துவ ஆலோசனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேதி வருவதற்குள் மறுபடி இறங்கினால், யாரும் இழுக்க வேண்டாம். எந்த நிலையில் வலி குறைவோ அந்த நிலையிலேயே, அக்குளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணையோ சுருட்டிய துண்டோ வைத்து, மேல்துண்டால் உடம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். விரல்கள் வெளுக்கின்றனவா, மரத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அப்படி ஆனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. தானாக உள்ளே போய்விட்டாலும் அன்றே காட்டுங்கள். நேரம் போகப் போகத் தசை இறுகி மூட்டைப் போடுவது கடினமாகும் என்பதால், எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனையாகப் பார்த்து நேராகப் போங்கள். வழியில் பாவம் பிள்ளை என்று டீயோ பன்னோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூட்டைப் போட மயக்க ஊசி தேவைப்படலாம், வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது, அதனால் ஆறு மணி நேரம் வலியோடு காத்திருக்க வேண்டிவரும். எம்.ஆர்.ஐ. படத்தையும் பழைய எக்ஸ்ரேக்களையும், அந்த 9 வயது எக்ஸ்ரே பீரோவில் இன்னும் கிடந்தால் அதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.